இருநூறு வாங்கின ஹெப்சி

ஹெப்சிக்குக் கணக்கு வராது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சேலையூரில் நின்று இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள், அது வேறு விஷயம். ப்ளஸ் டூ கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கின பெண்ணாச்சே! கேம்ப் ரோட்டில் டியூஷன் சென்டர் வாசலில் அவள் படத்தைப் போட்டு பேனர் கட்டியிருந்தார்கள். வெயிலில் முகம் வெளுத்து, யார் என்றே தெரியாமல் போகிற வரைக்கும் அது அங்கேயே தொங்கியது. சர்ச்சில் மைக் முன்னால் நின்று, "கர்த்தர் எனக்கு இருநூறு கொடுத்தார்" என்று சாட்சி வேறு சொன்னாள். அப்பா எட்மண்ட் முன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்தப் பேனா. பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எல்லாரும் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் சர்ச்சுக்குக் கொண்டுபோவார்கள், பாஸ்டர் அதன்மேல் கை வைத்து ஜெபம் பண்ணித் தருவார். அப்படி ஜெபித்த பேனாவால்தான் ஹெப்சி இருநூறு எழுதினாள். அம்மா தபீதாள் அதை ஷோகேஸில் வைத்துவிட்டாள். ஒவ்வொரு மார்ச்சிலும் காலனியில் யாராவது ஒரு அம்மா வந்து, "அக்கா, ஹெப்சி பேனாவைக் குடுங்களேன், என் பொண்ணுக்கு மேத்ஸ் பரீட்சை" என்று வாங்கிப் போவாள். ரீஃபில் எத்தனை மாறிவிட்டதோ, மகிமை மட்டும் மாறவில்லை.

கணக்கு வராமல் இருநூறு எப்படி வந்தது என்கிறீர்களா? எலியேசர் சார் டியூஷனில் படித்திருந்தால் கேட்கமாட்டீர்கள். நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் கணக்குப் போடச் சொல்லித் தரமாட்டார், ஒப்பிக்க வைப்பார். பரீட்சைக்கு வரக்கூடிய கணக்கையெல்லாம் கையால் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிடுவார். முதல் வரி, இரண்டாவது வரி, எங்கே கோடு போட வேண்டும், எங்கே கட்டம் கட்ட வேண்டும், எல்லாம் மனப்பாடம். ஒரு தடவை ஜெராக்ஸில் ஒரு கூட்டல் குறியின் நடுக்கோடு விழவில்லை, கழித்தலாகிவிட்டது. ரிவிஷன் டெஸ்டில் மொத்த பேட்ச்சும் கழித்தல் குறி போட்டு, கூட்டினால் வருகிற விடையை அச்சுப் பிசகாமல் எழுதிவிட்டு வந்தது. ஹெப்சியும் எழுதினாள். அவளுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. பாட்டில் ஒரு வார்த்தை புரியாவிட்டால் பாடாமலா விடுகிறோம்?

அப்படியே இன்ஜினியரிங், அப்படியே சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. கம்ப்யூட்டர் கூட்டும், இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். கடையில் மீதிச் சில்லறை கொடுத்தால் எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வாள். பெருந்தன்மை என்று எல்லாரும் நினைத்தார்கள். எண்ணினால் தப்பு வரும் என்கிற பயம் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை வந்தது. அதற்கு ஜி.ஆர்.இ. பரீட்சை எழுத வேண்டும். அந்தக் காலத்தில் ஆபிஸில் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள்: இங்கிலீஷ் வார்த்தைகளைப் பார்த்துத்தான் பயப்படணும், மேத்ஸ் நமக்கு அல்வா, கண்ணை மூடிக்கிட்டு எண்ணூறுக்கு எண்ணூறு. ஹெப்சியும் தலையை ஆட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு தடவை பார்த்துவைப்போமே என்று கைடைத் திறந்தாள். முதல் அத்தியாயம், பழைய பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்வதற்கு. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம் என்று மேலேயே போட்டிருந்தது.

முக்காலை அரையால் வகு. அவ்வளவுதான் கேள்வி.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெருக்கி வைத்தாள். பின்னால் திருப்பிப் பார்த்தால் விடை ஒன்றரை. வகுத்தால் குறையத்தானே வேண்டும்? எப்படி ஒன்றரை ஆயிற்று? எலியேசர் சாரின் ஜெராக்ஸ் பக்கம் பக்கமாக இன்னும் கண்ணுக்குள் இருந்தது. முட்டை வடிவத்தைச் சுழற்றினால் வருகிற கனஅளவை, நடுவில் இருந்த டீக்கறை உட்பட, இப்போதும் அவளால் எழுதிவிட முடியும். முக்காலை அரையால் வகுக்க முடியவில்லை. அடுத்த கணக்கைப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்கு முதுகெல்லாம் வேர்த்தது. ஐயோ, யாராவது பார்த்துவிட்டால்? ஹாலில் அப்பா யாரிடமோ போனில், "ஹெப்சிக்கா? மேத்ஸ் பத்திக் கவலையே இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டாள்.

இதோடு போயிருந்தால் அவள் பாடு அவளோடு. விதி கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தது.

தாம்பரத்தில் கிளம்பி, கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாக சிறுசேரி போகிற பஸ் அது. அதில் ஷாகுல் என்று ஒருவன் வருவான். கம்பெனியில் டெக்னிக்கல் ரைட்டர். மேற்கு தாம்பரம் மார்க்கெட்டில் அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சூட்கேஸ், பை விற்கிற கடை. அவன் ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவன், இங்கிலீஷில் புலி. அவனும் ஜி.ஆர்.இ. எழுதப்போகிறான். ஹெப்சி கையில் வார்த்தைப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து ஒட்டிக்கொண்டான்.

"எனக்கு மேத்ஸுன்னா பேதி ஹெப்சி. யாருகிட்ட கத்துக்கறதுன்னே தெரியல."

முன் சீட்டிலிருந்து ரமா திரும்பினாள். ஹெப்சியின் டீம் லீட், அதே சேலையூர்க்காரி. பஸ்ஸில் யார் என்ன பேசினாலும் அவள் காதுக்குப் போகும், காதுக்குப் போனது மத்தியானத்துக்குள் கேன்டீனுக்குப் போகும். "அட, பக்கத்துலயே உக்காந்திருக்காளே! ப்ளஸ் டூல இருநூத்துக்கு இருநூறுப்பா இவ. எங்க தெருவுல பேனரே கட்டினாங்க."

அந்த நிமிஷத்தில் ஹெப்சி உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். ரமா பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லித் தரேனே, அதுக்கென்ன" என்று வாய் சொல்லிவிட்டது.

"அப்போ ஜன்னல் சீட் உனக்கு, டீச்சர்" என்று ஷாகுல் எழுந்து இடம் மாறினான். அந்த பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடிதடியே நடக்கும். இவளுக்கு அது தினமும் சும்மா கிடைத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை வாங்கினாள். "தம்பி படிக்கவா?" என்றார் கடைக்காரர். "ஆமா" என்றாள். தம்பி எங்கே இருக்கிறான்! ஒரே பெண். பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, மேலே ஒன்றும் எழுதாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். ராத்திரி ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்வாள், காலையில் அதை பஸ்ஸில் ஒப்பிப்பாள். ஷாகுல் அதைக் கணக்கு என்று நினைத்துக் குறித்துக்கொள்வான்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்பான்.

"வகுக்கும்போது ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்" என்றாள் ஹெப்சி.

"ஏன் திருப்பணும்?"

முன் சீட்டில் ரமாவின் தலை லேசாகச் சாய்ந்தது, ஒட்டுக் கேட்கிறாள். "அது ரூல்" என்றாள் ஹெப்சி.

"ரூல் சரி, ஏன்?"

"ஷாகுல், ஆறாங்கிளாஸ் பசங்க போடற கணக்கு இது. இதுகூடப் புரியலன்னா நான் என்ன பண்ணட்டும்?"

பயந்தவர்களுக்குத்தான் இவ்வளவு கோபம் வரும். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. "இல்ல, புரியுது" என்று எழுதிக்கொண்டான். இந்த மாதிரி ஒரு தடவையா, இரண்டு தடவையா? ஒவ்வொரு "ஏன்"னுக்கும் அவள் சீறினாள். கொஞ்ச நாளில் அவன் "ஏன்" கேட்பதையே விட்டுவிட்டான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

அவனுக்கு இந்தப் பரீட்சை விளையாட்டு இல்லை. அத்தா கலீல் பாய் அவனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஒரு தடவ எழுது, தடுக்கமாட்டேன். கிடைக்கலன்னா பேசாம கடையில வந்து உக்காரு. வேலைய விட்டுட்டு வா." கலீல் பாய் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வார்த்தைதான். ஷாகுல் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லிவிட்டு, "நீ இருக்கியே, எனக்கென்ன" என்றான். அன்றைக்கு ஹெப்சி ஆபிஸில் சாப்பிடவே இல்லை.

ஒரு நாள் ஷாகுலே ஒரு கணக்கைக் கொண்டுவந்தான். ஒரு கடைக்காரன் விலையை இருபது சதவீதம் ஏற்றுகிறான், பிறகு இருபது சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறான். லாபமா, நஷ்டமா?

"ஏத்தினது இருபது, எறக்கினது இருபது. கேன்சல். ஒண்ணும் கிடையாது" என்றாள் ஹெப்சி. அந்தப் பாடத்தை அவள் இன்னும் தொடவில்லை. ஆனாலும் இதற்கு என்ன பாடம் வேண்டிக்கிடக்கிறது?

ஷாகுல் பேனாவைக் கடித்தான். "எங்க கடையில ஆடித் தள்ளுபடிக்கு அத்தா இப்படிப் போடமாட்டாரே. கையக் கடிக்கும்னு சொல்வாரு..."

"கடைக் கணக்கு வேற, பரீட்சைக் கணக்கு வேற. எழுதிக்கோ, அடுத்தது."

எழுதிக்கொண்டான்.

ஷாகுலின் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், அவளிடம் கடன் வாங்கின கைடைத் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்கு வந்தான். தபீதாள் கேக் கொடுத்தாள், காப்பி கொடுத்தாள், கடைசியில் ஷோகேஸைத் திறந்து பேனாவையும் எடுத்தாள்.

"ஆன்ட்டி, கம்ப்யூட்டர்ல எழுதற பரீட்சை. பேனாவே உள்ள விடமாட்டாங்க."

"எழுதாட்டா பரவால்ல தம்பி, பையில வச்சுக்கோ. ஜெபம் பண்ணின பேனா. உங்க சாமிகிட்ட நீ வேண்டிக்கோ, எங்க சாமிகிட்ட நான் வேண்டிக்கிறேன். ரெண்டு பேருமாப் பாத்துப்பாங்க."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஹெப்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. ஹெப்சி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பிரவுன் அட்டைப் புத்தகத்தை மடியில் விரித்தாள். தன் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. ஏழாம் வகுப்பு, லாப நஷ்டம். முதல் பக்கத்திலேயே அதே கணக்கு. இருபது ஏற்றி இருபது இறக்கு. தெரிந்த கணக்கு என்ற சந்தோஷத்தில் விடையைப் பார்க்கப் பின்பக்கம் போனாள்.

நான்கு சதவீதம் நஷ்டம்.

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். புத்தகத்தில் பிழை வராதா என்ன, கூட்டல் கழித்தலானதைப் பார்த்தவள்தானே. பக்கத்தைத் திருப்பப் போனவள் கை நின்றது. பக்கத்து சீட்டில் ஷாகுல் இருந்திருந்தால் "ஏன்?" என்று கேட்டிருப்பான். இல்லை, கேட்டிருக்கமாட்டான். அவள்தான் கேட்காமல் பண்ணிவிட்டாளே.

சரி, ஒரு பை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஏற்றினால் நூற்றிருபது. இப்போது தள்ளுபடி இருபது சதவீதம். எதில் இருபது? நூற்றிருபதில்! நூறில் இல்லை. நூற்றிருபதில் இருபது சதவீதம் என்றால் இருபத்திநாலு. தொண்ணூற்றாறு. நான்கு நஷ்டம்.

வாழ்க்கையிலேயே அவளாகப் போட்ட முதல் கணக்கு இது. சரியாக வந்ததற்கு சந்தோஷப்பட வேண்டாமா? அவளுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. கேன்சல் என்றாளே! கடைக் கணக்கு வேறே என்றாளே! இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் தாம்பரத்தில் ரயில் ஏறுவான், நுங்கம்பாக்கத்தில் இறங்குவான், ஒரே ஒரு தடவை கிடைக்கிற பரீட்சையில் போய் உட்கார்ந்து இவள் சொன்னதை அப்படியே போடுவான். அந்த ஒன்று மட்டுமா? வேறு எதையெல்லாம் தப்பாகச் சொல்லி வைத்தோமோ?

மொபைலை எடுத்து அவன் நம்பருக்கு அடித்தாள். ஒரு பெண் குரல். அவன் தங்கை மெஹ்னாஸ். "அண்ணன் போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாருக்கா. அங்க அனுமதி இல்லையாம். இப்பத்தான் கிளம்பினாரு, கடையில அத்தாவப் பாத்துட்டு ஸ்டேஷன் போவாரு. துஆ பண்ணுங்க."

பஸ் மேடவாக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. போய்ச் சொன்னால் இருநூறு போச்சு. அவனோடு நிற்குமா? ரமாவுக்குப் போகும், சேலையூருக்குப் போகும், அப்பாவுக்குப் போகும், சர்ச்சுக்குப் போகும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு குருவிக்கும் தெரியாது. அந்தக் கணக்கு வராமலே போகலாம். ஆண்டவரே, அந்தக் கணக்கு மட்டும் வரக்கூடாது என்று ஜெபம்கூட ஆரம்பித்தாள். ஆரம்பித்த வேகத்தில் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

எழுந்து, "டிரைவர் அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

"எங்கடி இறங்கற?" என்றாள் ரமா.

"வயிறு சரியில்ல." அது பொய்யும் இல்லை.

எதிர்ப்பக்கம் ஓடி ஒரு ஷேர் ஆட்டோவில் தன்னைத் திணித்துக்கொண்டாள். செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு சிக்னல். அந்த சிக்னலில் ஆட்டோ நின்ற நிற்பில் அவளுக்கு உயிரே போய்விட்டது. கிழக்கு தாம்பரத்தில் இறங்கி, மேம்பாலப் படியில் மூச்சிரைக்க ஏறி இறங்கினாள். ஷாகுல் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் அந்தப் பேனா.

"டீச்சர்! வழியனுப்பவா இவ்ளோ தூரம்?" முகமெல்லாம் பல்.

ரயில் வந்துவிட்டது. அவன் ஏற, அவளும் பின்னாலேயே ஏறினாள். டிக்கெட் எடுக்கவில்லை என்பதே அப்போது ஞாபகம் இல்லை. எதிரெதிரே இடம் கிடைத்தது. சானடோரியம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"ஷாகுல், அந்த இருபது சதவீதக் கணக்கு. நான் சொன்னது தப்பு. நாலு சதவீதம் நஷ்டம் வரும்."

"அப்படியா?" அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். "பரவால்ல, கரெக்டா வந்து சொன்னியே. ஏன் அப்படி?" கேட்டுவிட்டு உடனே, "சரி சரி, ரூல். நாலு, எழுதிக்கிறேன்" என்றான்.

அந்த "சரி சரி" அவளைக் கொன்றது.

"ரூல் இல்ல. எனக்குக் கணக்குத் தெரியாது ஷாகுல்." சொல்லிவிட்டாள். "நெஜமாவே தெரியாது. இருநூறு வாங்கினது மனப்பாடம். உனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் ராத்திரி ஏழாங்கிளாஸ் புக்கைப் படிச்சு ஒப்பிச்சது."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்தான், சிரிப்பு நின்றது. குரோம்பேட்டை வந்தது, கூட்டம் ஏறியது.

"அப்போ வேற எதெல்லாம் தப்பு?"

"தெரியல."

"தெரியலன்னா? இன்னா ஹெப்சி, இன்னும் கொஞ்ச நேரத்துல பரீட்சை!"

"எனக்கே தெரியல ஷாகுல். எது சரி எது தப்புன்னு தெரிஞ்சா நான் ஏன் பயப்படறேன்?"

அவன் முகம் வெளிறியதை அவள் பார்த்தாள். செய்த தப்பைவிட, சொன்னது பெரிய தப்போ? நேற்று வரை அவனிடம் தெரியாதது கொஞ்சம் இருந்தது. இப்போது தெரிந்தது எல்லாமே சந்தேகம். பல்லாவரம் வரை அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"அன்னிக்கு ஏன் திருப்பணும்னு கேட்டேனே, ஆறாங்கிளாஸ் பசங்க போடறதுன்னு சொன்னியே... வூட்டுக்குப் போய் அழுதேன், தெரியுமா? நான்தான் மக்குன்னு நெனச்சேன். எல்லாருக்கும் புரியறது எனக்கு மட்டும் ஏன் புரியலன்னு. உனக்கும் தெரியாதா? சொல்லித் தொலைச்சிருக்கலாமே! ரெண்டு பேருமா உக்காந்து மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கலாமே!"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹெப்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பயமா இருந்துச்சு" என்றாள். வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாக இருக்கும்.

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "அழாத. அழறதுக்கெல்லாம் டைம் இல்ல. அந்த நாலு எப்படி வந்துச்சு? அதச் சொல்லு."

பேப்பரின் ஓரத்தில் நூறு என்று எழுதி, நூற்றிருபது என்று எழுதி, எதில் இருபது என்று காட்டினாள். அவன் தொடையில் தட்டினான். "அதான்! அதான் அத்தா கையக் கடிக்கும்பாரு! ஏத்தின விலையிலதானே தள்ளுபடி! அறிவு கெட்டவன், எனக்குத் தெரிஞ்சதையே விட்டுட்டேனே." அடுத்து முக்காலும் அரையும். ஏன் ஒன்றரை என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. திடீரென்று அவன் பேப்பரின் ஒரு தாளை உருவி நாலாகக் கிழித்தான். ஒரு துண்டைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான். மீதி முக்கால். "இதுக்குள்ள அரை எத்தன இருக்கு?" இரண்டு துண்டைச் சேர்த்து வைத்தால் ஒரு அரை. மீதி ஒரு துண்டு, அது பாதி அரை. ஒன்றரை.

"அட!" என்றாள் ஹெப்சி. சத்தமாகவே வந்துவிட்டது. வகுப்பது என்றால் எத்தனை இருக்கிறது என்று பார்ப்பது. இத்தனை வருஷத்தில் இதை யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கிண்டி, மாம்பலம், கோடம்பாக்கம். எது வந்தது, எது போனது என்று தெரியாமல் கிழித்தார்கள், எழுதினார்கள், சண்டை போட்டார்கள். பாதிகூட முடியவில்லை, நுங்கம்பாக்கம் வந்துவிட்டது.

பரீட்சை நடக்கிற கட்டடத்து வாசலில் அவன் பேனாவை அவளிடம் கொடுத்தான். உதடு காய்ந்திருந்தது. "பயமாத்தான் கீது" என்றான். நல்லபடியாக எழுது என்று சொல்ல அவளுக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

வெளியே மதில் ஓரம் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார், மகனை உள்ளே அனுப்பிவிட்டு. ஹெப்சிக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். "இங்கிலீஷ்தான் கஷ்டமாம். மேத்ஸ்ல எண்ணூறு வந்துடும்ங்கிறான். நீயும் எழுதப்போறியாம்மா? உனக்கும் மேத்ஸ் ஈஸிதானே?"

"எனக்குக் கணக்கு வராதுங்க" என்றாள் ஹெப்சி.

அந்த அம்மாள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அது ஒட்டிக்கொள்ளுமோ என்பது போல் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். வெயில் ஏறியது. டீ வாங்கிக் குடித்தாள். கலீல் பாயின் கடையையும், அதற்குள் சூட்கேஸ் அடுக்குகளுக்கு நடுவே ஷாகுல் உட்கார்ந்திருப்பதையும் நினைத்து நினைத்துப் பயந்தாள். தன் பரீட்சையைப் பற்றி அன்றைக்கு அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

அவன் வந்தபோது நடையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பரீட்சையில் மார்க் அப்போதே திரையில் வந்துவிடும்.

"எவ்ளோ?"

"மேத்ஸ் அறுநூத்தி எழுபது."

எல்லாரும் எண்ணூறு வாங்குகிற ஊர் இது. ஹெப்சி மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், மூஞ்சிய அப்படி வச்சுக்காத. நான் அப்ளை பண்ற காலேஜுக்கு இதுவே தாராளம். இங்கிலீஷ்ல பின்னிட்டேன்." அவன் இப்போதுதான் மூச்சே விட்டான். "அத்தா இனிமே ஒண்ணும் சொல்லமாட்டாரு. அந்த ஏத்தி எறக்கற கணக்கு வந்துச்சு ஹெப்சி. இருபது இல்ல, பத்து. நூறு வச்சுப் போட்டேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னான்: "உன்மேல கோவம் இன்னும் போவல."

"தெரியும்."

"உன் பரீட்சை எப்போ?"

"அடுத்த மாசம்."

"நாளையிலேர்ந்து ஜன்னல் சீட் எனக்கு."

மறுநாள் காலை பஸ்ஸில் ஷாகுல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். ரமா ஏறும்போதே அதைக் கவனித்தாள். கேம்ப் ரோடு தாண்டியதும் அவன் குரலைக் கொஞ்சமும் தணிக்காமல் ஆரம்பித்தான். "தாம்பரத்துலேர்ந்து சிறுசேரிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல போறோம். திரும்பி அறுபதுல வர்றோம். சராசரி வேகம் எவ்ளோ?"

ஹெப்சியின் நாக்கு நுனிக்கு ஐம்பது வந்துவிட்டது. கூட்டிப் பாதி, அதானே ரூல்? ஆனால் அவன் கேட்கிற விதத்தில் ஏதோ இருந்தது. முன் சீட்டில் ரமாவின் தலை சாய்ந்தது. அந்தத் தலையைப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் கேன்டீனுக்குப் போகும், சாயங்காலத்துக்குள் சேலையூருக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அப்பா முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

"எனக்குத் தெரியாது" என்றாள். ரமாவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். "சொல்லிக் குடு."

ரமா திரும்பினாள். எதையோ சொல்ல வந்தவள் மாதிரி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஹெப்சி காத்திருந்தாள்.

"அம்பது இல்ல" என்றான் ஷாகுல். "எல்லாரும் அம்பதுன்னுதான் சொல்வாங்க. ஏன் இல்லன்னு பாரு."

ரமா மறுபடி முன்பக்கம் திரும்பி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் அம்பது என்றுதான் நினைத்திருந்தாள் போல, கழுத்து சிவந்திருந்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுப்பா" என்றாள். "இங்க சரியாக் கேக்கல."